சீல் வைத்த பலகார டின்

இருபத்தாறு வருடமாகத் தேர்வு அறைகளில் நின்று வருகிறேன். எந்தப் பிள்ளையின் சட்டைக் கைக்குள் துண்டுச் சீட்டு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். படித்துவிட்டு வந்த பிள்ளை விட்டத்தைப் பார்த்து யோசிக்கும். பார்த்து எழுதப்போகிற பிள்ளை என்னையே பார்க்கும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் பள்ளியிலும் வீட்டிலும் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். சரிவிகித உணவுப் பாடம் எனக்குத் தலைகீழாக வரும். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ கறியோ என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டாத வருடம் கிடையாது. அந்த வட்டத்தை வீட்டில் நிறைவேற்றுவது மட்டும் நடந்ததில்லை. எங்கள் வீட்டில் சோறு மலை மாதிரி இருக்கும், காய்கறி வெஞ்சனம் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

என் கணவர் வெங்காய மண்டியில் சரக்கு தரம் பார்க்கிறவர். நாள் முழுக்க நிற்கிற வேலை. அவருக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொள்வார், அதற்குமேல் அதை மதிக்க மாட்டார். அந்த நவம்பரில் ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுப் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்தது, புண்ணானது, மூன்று வாரமாகியும் ஆறவில்லை. டாக்டர் புண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு அவரிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"சர்க்கரை எறங்கினா புண்ணு ஆறும்மா. மாத்திரையை மாத்தித் தாரேன். ஆனா சாப்பாடுதான் முக்கியம். பொங்கல் கழிச்சு வாங்க. அப்பவும் எறங்கலன்னா விரலை எடுக்க வேண்டியதா இருக்கும்."

வெளியே வந்ததும் என் கணவர், "சுண்டுவிரல்தான" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே நான்கு கேள்வி கேட்டிருப்பேன். பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆட்கள் இருந்தால் அடக்கிக்கொள்வதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வடமதுரையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் நல்ல பையன், குடும்பமும் எங்களைப் போலக் கோயில் குளம் என்று இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா என்னைத் தனியாக அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் சர்க்கரை கிர்க்கரை உண்டா? எங்க மாமனாருக்கு அதுலதான் கிட்னி போச்சு. நாலு வருசம் ரத்தம் மாத்தி மாத்தி, அவரு பட்ட பாட்டைப் பாத்ததுல எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே பயம்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் எங்க பக்கமே கிடையாது" என்றேன். பொய் சொல்கிற பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து, பொய் எப்படிச் சொன்னால் பிடிபடாது என்றும் கற்றுவைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்த அம்மா நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடமும் மகளிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். கல்யாணம் முடிகிறவரை அவருக்குச் சர்க்கரை என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. காலில் கட்டு ஏன் என்று யாராவது கேட்டால் கால் ஆணி வெட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். "ஆணியா?" என்றார் கணவர். "ஆணிதான்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு போனைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டது. மகளும் வந்துவிட்டாள். நான் பெரிய சார்ட் தாள் ஒன்றை எடுத்து ஒரு கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காலையில் கம்பங்கூழ் அல்லது முட்டையும் காயும். மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரண்டு வெஞ்சனம், கீரை கட்டாயம். நாலு மணிக்குச் சுண்டல். இரவு ஏழரைக்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பிரியாணி உண்டு, ஒரு கிண்ணம். இனிப்பு மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, அவருக்குக் கிடையாது. புது வருடத்திலிருந்து குடும்பமே ஆரோக்கியமாக வாழப்போகிறது என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். கணவர் அதை நின்று படித்துவிட்டு, "டீச்சர், நடுவுல ரீசஸ் பெல் உண்டா?" என்று கேட்டார். கோபமோ கிண்டலோ வந்தால் என்னை டீச்சர் என்பார்.

பலகாரம் செய்யாமல் இருக்க முடியாது. அக்கம்பக்கத்து இந்து வீடுகளிலிருந்து தீபாவளிக்கு வந்த தட்டுகளுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பதில் தட்டு போயாக வேண்டும். கல்கல்லும் அச்சு முறுக்கும் அதிரசமும் செய்து ஒரு பெரிய டின்னில் போட்டேன். போட்டு பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பீரோ சாவி எங்கே இருக்கும் என்று கணவருக்குத் தெரியும். அதனால் வினாத்தாள் கட்டுக்குச் செய்வதுபோல் டின் மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற டேப் ஒட்டி, டேப்பும் டின்னும் சேருகிற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். யாராவது பிரித்து ஒட்டினால் கையெழுத்து விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மகள் அதைப் பார்த்துக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. தினமும் காலையில் அவர் விரலில் குத்தி மெஷினில் பார்ப்பேன். அளவு மெல்ல இறங்கி வந்தது. புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் லேசாகத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் அன்றுகூட ஒரு கிண்ணம் பிரியாணியோடு எழுந்துவிட்டார். நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் காலையில் மெஷின் இருநூற்று முப்பத்தெட்டு காட்டியது. கை கழுவச் சொல்லி மறுபடி குத்தினேன். அதேதான்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"நீ போட்டதைத்தான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். விட்டத்தைப் பார்க்கவில்லை. அது போதும் எனக்கு.

பீரோவைத் திறந்தேன். டின்னின் கையெழுத்து நேர்கோடாக அப்படியே இருந்தது. அப்படியென்றால் வெளியே. மண்டிக்கு டீ கொண்டுபோகிறவரிடம் தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டேன். சார் சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறார் என்றார். அவரைச் சரிக்கட்டி வைத்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடுத்து மகள்மேல் சந்தேகம் திரும்பியது. அப்பா பிள்ளை அவள். அவள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்னையுமா சந்தேகப்படுற? லீவுக்கு வீட்டுக்கு வந்தா எக்ஸாம் ஹாலுக்குள்ள வந்த மாதிரி இருக்கும்மா."

"ஒங்கப்பா விரல் போச்சுன்னா தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. நான் அதையும் நடிப்பா என்று ஒரு கணம் பார்த்தேன். அப்படிப்பட்டவளாக இருந்தேன் அந்த நாட்களில்.

மறுநாள் துணி துவைக்க எடுத்தபோது அவர் சட்டைப் பையில் கேக் துணுக்குகள் உதிர்ந்தன. கூடவே நெய் ஊறிய காகிதம் ஒன்று. சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"இது என்ன? திருடித் தின்னீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சட்டையைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "ஆமா, தின்னேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டிக்கொண்ட பிள்ளைகளும் இப்படித்தான் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டு வெளியே போகப் பார்க்கும். நான் விடுகிற ஆள் இல்லை. எங்கே தின்கிறார் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் முழுக்க மத்தியானத்துக்கு மேல் மண்டியில் வேலை குறைவு. அவர் அன்பிய வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கோயில் பங்கில் முப்பது நாற்பது வீடுகளைச் சேர்த்து ஓர் அன்பியம் என்பார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். எங்கள் பகுதி அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் நடுவில் கோயில் காலண்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது தலைவரின் வேலை. அந்தச் சாக்கில்தான் ஏதோ பேக்கரியில் உட்காருகிறார் என்பது என் கணக்கு.

எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஓர் அக்கா தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூர். அவருக்கு வடமதுரையில் பாதி ஊர் சொந்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் வேண்டியவர். அவர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த தட்டில் இரண்டு ஆரஞ்சை வைத்து எடுத்துக்கொண்டு, மூன்று மணி வாக்கில் பின்வாசல் வழியாகப் போனேன். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெருவின் இரண்டு முனையும் தெரியும். பேக்கரியும் தெரியும். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

பேக்கரியில் நிற்கவில்லை என் கணவர் ஸ்கூட்டர். நேராக வந்து இதே வீட்டு வாசலில் நின்றது.

"ஒங்க வீட்டுக்காரர்தான்" என்று அக்கா எழுந்தார்.

"நான் இருக்கேன்னு சொல்லிராதீங்கக்கா. வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்னு சத்தம் போடுவாரு" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைதான்.

திரை ஓரத்தில் எனக்கு அவர் பக்கவாட்டில் தெரிந்தார். காலண்டரைக் கொடுத்துவிட்டு நின்றபடியே கிளம்பப் பார்த்தார். அக்கா விடவில்லை. தட்டில் கேக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் வந்தன.

"வேணாங்க்கா. இப்பத்தான் சாப்ட்டேன்."

"அது சோறு. இது பலகாரம். எடுங்க தம்பி."

"வயிறு ஒரு மாதிரியா இருக்குக்கா."

"எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் வயிறு ஒரு மாதிரியாவா? போன வருசம் நீங்களே கேட்டு வாங்கித் தின்னீங்க. ஏன் தம்பி, கால்ல வேற கட்டு. சர்க்கரை கிர்க்கரை வந்திருச்சா?"

பூண்டு கையிலேயே இருந்தது. அக்காவுக்கு வடமதுரையில் யார் யாரைத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இது ஆணி" என்றார்.

"அப்ப எடுங்க."

எடுத்தார். கேக்கை இரண்டே வாயில் போட்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி தண்ணீர் குடித்து உள்ளே இறக்கினார். அதிரசத்தை வாங்கிச் சட்டைப் பையில் போடப் போனார். அக்கா, "இங்கயே சாப்டுங்க தம்பி, பையில போட்டா நெய் கறையாயிரும்" என்றார். அதையும் தின்றார். என்னைக் கட்டிக்கொண்ட மனிதர் இனிப்பைத் தின்கிறபோது எப்படித் தின்பார் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடுவார், கடைசித் துளியை விரலில் வழித்து நக்குவார். அன்று அவர் முகத்தில் ருசியே இல்லை. தண்டனை எழுதுகிற பிள்ளையின் முகம் அது.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். "அவருக்குச் சர்க்கரைதான்க்கா, குடுக்காதீங்க" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அன்று சாயங்காலமே வடமதுரைக்குப் போயிருக்கும். போகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாசலில் அவர் ஸ்கூட்டரின் பையில் காலண்டர்கள் இன்னும் சுருள் சுருளாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு. ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன்.

மறுநாள் காலையில் மீதி இருந்த காலண்டர்களை நான் எடுத்துக்கொண்டேன். "ஒங்களுக்குக் கால் வலிக்கும், நான் குடுத்துட்டு வாரேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வீடுகள். முதல் வீட்டில் தின்றேன். இரண்டாவது வீட்டில் தின்றேன். மூன்றாவது வீட்டில் வயிறு சரியில்லை என்றேன், ஓமம் கொண்டுவந்து கொடுத்து, அதை விழுங்க வைத்து, அதற்குப் பிறகு கேக்கையும் கொடுத்தார்கள். ஏழாவது வீட்டில் டீச்சருக்குப் பெருமை வந்துவிட்டது, பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டதல்லவா என்று குத்தலாகச் சொன்னார்கள். பதினோராவது வீட்டிலிருந்து வரும்போது எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் தட்டை மறுக்க ஒரே ஒரு காரணம்தான் செல்லும். அந்தக் காரணத்தைத்தான் நான் அவர் வாயிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன்.

இவ்வளவு விளங்கியும் நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. உங்களைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்ச நாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொங்கல் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகிறவரை காபிதான் குடிப்பார்கள், சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சு மாறுவது கிடையாது. அதுவரை மறைத்தால் போதும். அதற்கு மறுநாள் திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு தேதியும் அடுத்தடுத்து இருந்தன.

புது வருடப் பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் கேக் வெட்டினார்கள். ஆளுக்கு ஆள் ஊட்டிக்கொண்டார்கள். அந்த அக்கா பெரிய துண்டாக எடுத்து என் கணவர் வாயில் திணித்தார். நான் பக்கத்தில் நின்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜில் சார்ட் தாள் ஒட்டியபடியே இருந்தது. காலையில் கம்பங்கூழும் மதியம் கீரையும் ஒரு நாள் தவறவில்லை. புண்ணின் ஓரத்தில் வந்த புதுத் தோல் மட்டும் மறுபடி கறுத்துப்போனது. கட்டுப் பிரிக்கும்போது ஒரு வாடை வந்தது. அவருக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். வலிக்காமலிருந்தால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அறிவியல் டீச்சருக்குத் தெரியாதா?

அந்த ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, சொந்தக்காரர்கள் என்று ஒன்பது பேர். கறிக்குழம்பு, வறுவல், இரண்டு காய், ரசம் என்று சமைத்து, இனிப்புக்கு லட்டும் வாங்கியிருந்தேன். அவருக்கென்று சர்க்கரை போடாத பாயசம் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்திருந்தேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். இந்தச் சாமர்த்தியத்துக்கும் எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. யாரும் இன்னும் கை வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர், உற்சாகமானவர். தன் இலையிலிருந்த லட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல சம்பந்திக்குத்தான். வாயத் தொறங்க."

முழு லட்டு. என் பாயசப் பாத்திரம் என் கையிலேயே இருந்தது. என் கணவர் தயங்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம் கை நீட்டுகிற மாதிரி, சாதாரணமாக வாயைத் திறந்தார்.

அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. "வேணாங்க!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவருக்குச் சர்க்கரை. நாலு வருசமா இருக்கு. கால்ல ஆணி இல்ல, புண்ணு. நாளைக்கு விரலை எடுக்கணுமான்னு பார்க்கப் போறோம். நீங்க கேட்டப்ப நான்தான் பொய் சொன்னேன். அவரு இல்ல."

லட்டு அந்த மனிதர் கையிலேயே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. இலையை மடிக்கப்போகிற மாதிரி அவர் கை விளிம்புக்குப் போனது. என் மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே அவ சொல்லிட்டா. ஒங்ககிட்ட அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்." சொல்லிவிட்டு டம்ளர் தண்ணீரில் கையை நனைத்து, சோற்றில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாயும் வைத்தார். அந்தக் கூடத்தில் அவர் ஒருவர் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அப்பா லட்டைத் தன் இலையிலேயே வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார். அந்த அம்மா கடைசியாகத்தான் வைத்தார். வைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை அவருக்கு என்மேல் முழு நம்பிக்கை வந்ததாக நான் நினைக்கவில்லை. அதை நான் குறை சொல்லவும் முடியாது.

அவர்கள் போன பிறகு மகளிடம் கேட்டேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ ஆணின்னு சொல்லணும்னு சட்டம் போட்டுட்டு இருந்த. சொன்னேன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவியோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் அந்தக் கேக்குகள், அதிரசங்கள், அத்தனை வீட்டுத் தட்டுகள் எல்லாம் யாருக்காக? இதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து அதிகம் பேசவில்லை. புதன்கிழமை விரலை எடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் காலை அசைக்காமல் சாய்ந்திருந்தார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்குப் பின்னால் இருந்ததைச் சொன்னேன். பார்த்தும் வெளியே வராததைச் சொன்னேன். அவர் மோரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சட்டையைக் காட்டிக் கேட்டப்பவே, ஒன்னாலதான்டி தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

அவர் டம்ளரை என்னிடம் கொடுத்தார். குரலில் கிண்டல் இல்லை, டீச்சர் என்று சொல்லவும் இல்லை.

"நீ ஏன் தின்னேன்னு கேக்கவே இல்லையே. தின்னேனா இல்லையான்னு மட்டும்தான கேட்ட."

டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.